கழற்ற வேண்டியதைக் கழற்றிய பிறகு

அலமாரியில் சார்ஜரைத் தேடிய கைக்கு மஞ்சள் கயிற்று உருண்டைதான் அகப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசனை போகவில்லை, ஆஸ்பத்திரி மருந்து நெடியும் போகவில்லை. நீ போன பிறகு ஆஸ்பத்திரியில் உன் மேசை இழுப்பறையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அதில் இதுவும் இருந்தது. வெளியே அட்டன் ஊர் முழுக்க மூடுபனி, பல நாளாகச் சூரியனைக் காணோம். எனக்கென்ன, என் சூரியன் கணினிக்குள் இருக்கிறது. அதைத் திறக்கத்தான் அலுப்பாக இருக்கிறது. சொல்லி அழ வேறு ஆளில்லை, உனக்கு எழுதுகிறேன்.

இத்தனை வருட வேலை நிற்குமா விழுமா என்று இன்றைக்குள் நான் பதில் எழுத வேண்டும். என்ன வேலை என்று உனக்குத் தெரியும், எத்தனை முறை சொல்ல வைத்துச் சிரித்திருப்பாய். சூரியனின் எக்ஸ்ரே பூமிக்கு வராது, காற்றே விழுங்கிவிடும். அதனால் தொலைநோக்கியைச் செயற்கைக்கோளில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டு, அது அனுப்புவதை நாங்கள் கீழே உட்கார்ந்து பார்க்கிறோம். பெரிய சுடர் வெடித்தால் உலகமே பார்க்கும். எனக்கு வாய்த்தது யாரும் கவனிக்காத சின்னச் சின்னச் சுடர்கள். சூரியனின் மேற்பரப்பை விட அதற்கு வெளியே உள்ள மெல்லிய படலம் பல மடங்கு சூடு. இந்தச் சிறு சுடர்களெல்லாம் சேர்ந்துதான் அதைச் சூடாக்குகின்றனவோ என்று ஒரு சந்தேகம்.

"அடுப்ப விட்டுத் தள்ளிப் போகப் போக சூடு கூடுதாக்கும்? நல்ல கததான்டி" என்றாய். பிறகு நீயே, "ரெண்டு பேருக்கும் ஒரே வேலதான். நான் மனுசங்கள எக்ஸ்ரே புடிக்கிறேன், நீ சூரியன புடிக்கிற. என் ஆளுங்க சொன்னா அசையாம நிப்பாங்க, ஒன் ஆளு நிக்க மாட்டான்" என்றாய். டயகம தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்த இரண்டு பேரும் கடைசியில் எக்ஸ்ரேயில் வந்து நின்றது உனக்குப் பெரிய வேடிக்கை.

உன் எக்ஸ்ரே அறை வாசலில் எத்தனை மத்தியானம் உனக்காகக் காத்திருந்திருக்கிறேன். மழையில் நனைந்த கம்பளிச் சால்வையோடு தோட்டத்துப் பெண்கள் இருமிக்கொண்டு வருவார்கள். நெஞ்சைப் படம் பிடிக்கக் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னால் போதும், முகம் வெளிறிவிடும். "மிஸ்ஸி, அவரு உசுரோட இருக்காரு மிஸ்ஸி" என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. நீ கோபிக்க மாட்டாய். இழுப்பறையிலிருந்து மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி அவர்கள் மணிக்கட்டில் கட்டுவாய். "இந்தா, இது இருக்கு. அத என் கையில குடுங்க. படம் எடுத்ததும் நானே போட்டு விடுறேன்." கதவைச் சாத்தியதும் உள்ளேயிருந்து உன் குரல் கேட்கும்: "மூச்ச இழுத்துப் புடிங்க... ம்... இப்ப விடுங்க." தாலி திரும்பக் கழுத்துக்குப் போன பிறகுதான் கயிறு அவிழும்.

அப்படியும் ஒரு பெண் உன்னை ஏமாற்றினாள். கழற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு நின்றாள். முன்னால் இல்லையென்றால் படத்தில் விழாது என்று நினைத்திருக்கிறாள், பாவம். படத்தில் நுரையீரலுக்கு நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு. வார்டு டாக்டர் பயந்தே போனார். நீ அவளைத் திரும்ப வரவழைத்து, தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்னொரு படம் எடுத்தாய். நெஞ்சு சுத்தமாக இருந்தது.

அதே வாரம் நான் ஒரு புதுச் சுடரைக் கண்டுபிடித்த குஷியில் ஓடி வந்தேன். நீ தேத்தண்ணியை ஆற்றியபடி கேட்டாய்: "கழட்ட வேண்டியதக் கழட்டிட்டுத்தான் பாத்தியா?" பார்க்கவில்லை. விண்வெளியில் சுற்றித் திரியும் துகள்கள் தொலைநோக்கியில் மோதினாலும் வெளிச்சம் காட்டும். அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். கழித்தேன், சுடர் போய்விட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு ஆத்திரமாக வந்தது, இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது.

ஆனால் ஊரார் தாலியையெல்லாம் கழற்றிய நீ உன்னுடையதைக் கழற்றவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன உன் புருசன் அங்கே வேறு குடும்பத்தோடு இருக்கிறான் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். "இன்னும் எதுக்குடி இது?" என்று நான்தான் கேட்டேன். "கழுத்து வெறுமையா இருந்தா ஆளாளுக்கு ஒரு கேள்வி கேப்பாங்க. இது கெடந்தா வாய மூடிக்கிட்டுப் போவாங்க" என்றாய்.

பிறகு உனக்கே இருமல் வந்தது. நீ வேலை செய்த அறையிலேயே, நீ நிறுத்தும் இடத்திலேயே உன்னை நிறுத்தினார்கள். உன்னோடு வேலை செய்த சிங்களப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. உன் வழக்கம் அவளுக்குத் தெரியும், இழுப்பறையைத் திறந்து கயிற்றை எடுத்தாள். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். தாலியை நீயே கழற்றி என் கையில் வைத்தாய். "அக்கே, ஹுஸ்ம கன்ன" என்று அவள் மூச்சை இழுக்கச் சொன்னாள். எத்தனையோ பேருக்கு நீ சொன்னதை உனக்கு ஒருத்தி சொன்னாள். இழுத்த மூச்சை உன்னால் பிடித்து வைக்க முடியவில்லை. மறுபடியும் எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் தாலியை நீட்டினேன். நீ வாங்கவில்லை. "ஒங்கிட்டயே இருக்கட்டும்டி. இப்பதான் கழுத்து லேசா இருக்கு" என்றாய். கேள்வி கேட்பவர்களைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். "கேக்கட்டும்" என்றாய். உன்னை எடுத்துப் போன நாளிலும் தாலி எங்கே என்று கேட்டார்கள். உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன், உன்மேல் கோபமாகவும் இருந்தது. இத்தனை சீக்கிரம் போகிறவள் இதை முன்னாலேயே செய்திருக்கலாமே.

என் வேலைக்கு வருகிறேன். துகள்களைக் கழிக்கும் கணக்கில் இப்போது இன்னும் கறாரான முறை வந்திருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் என் சுடர்களில் எத்தனை மிஞ்சும் என்று எங்கள் ஆய்வுக் குழுவில் கேட்டார்கள். நீ போனதிலிருந்து அதைத் தொடவில்லை. அலுப்பு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். இவையும் போனால் என் வயதுக்கு என்ன கணக்குக் காட்டுவேன்?

கயிற்று உருண்டையை மேசையில் வைத்துக்கொண்டு கணினியைத் திறந்தேன். கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. கழித்தேன். ஆசை ஆசையாகச் சேர்த்தவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. கொஞ்சம்தான் நின்றது. எவ்வளவு கறாராகக் கழித்தாலும் அந்தக் கொஞ்சம் அசையவில்லை. அது சூரியனுடையதுதான். அந்தப் படலத்தைச் சூடாக்க அது போதாது என்பதையும் சேர்த்து எழுதினேன்.

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தாலி என் தோள்பையில்தான் இருக்கிறது, போகிற இடமெல்லாம் வருகிறது. நெஞ்சு ஏன் இப்படி வலிக்கிறது என்று பார்த்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் காத்திருந்த மத்தியானங்களில் கேட்ட உன் குரல், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போலவே, "ம்... இப்ப விடுங்க" என்றது.

விட்டேன்.