பொய்யில்லாத கடிதம்

ஜூலை 6
கடையிலிருந்து

அன்பு மருமகளே,

நிமிர்ந்து உட்கார். தண்ணீர் குடித்துக்கொள். நான் சொல்லப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒரு ஜீவன்கூட நம்பாது என்று என் கடையில் உள்ள அத்தனை மெத்தைகளின் மீதும் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

போன வியாழக்கிழமை ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஆள் இரண்டு ஆள் அகலம். ஸ்பிரிங் மெத்தையைக் காட்டினேன். "ரெண்டு நிமிஷம் படுத்துப் பாக்கறேன்"னு ஷூவைக் கழற்றினார். படுத்தார். தூங்கிவிட்டார். அந்தக் குறட்டையில் ஷட்டர் தானாக ஏறி இறங்கியது. பக்கத்துக் கடை தையல் மிஷின் ஆளே இல்லாமல் இரண்டு சட்டை தைத்து முடித்தது. தேடிக்கொண்டு அவர் மனைவி வந்தார். எழுப்பப்போகிறார் என்று பார்த்தால், பக்கத்து மெத்தையில் சாய்ந்தார், அவ்வளவுதான். பிறகு பிள்ளைகள். பிறகு டிரைவர். இன்றுவரை எல்லோரும் கடையிலேதான். தபால்காரர் அவர்களுடைய கடிதங்களை இப்போது என் விலாசத்துக்கே கொண்டுவருகிறார்.

"சாப்பிட்டியா, குளிச்சியா" எல்லாம் உன் அம்மா போனில் கேட்டுக்கொள்ளட்டும். புளுகுவதற்குப் போன் லாயக்கில்லை, குரல் காட்டிக்கொடுத்துவிடும். உனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து நம் சட்டம் ஒன்றுதான்: கடிதத்தில் வருவது எதுவாக இருந்தாலும் அதைவிடப் பெரிதாகத் திருப்பி அடிக்க வேண்டும். "நிஜமா?" என்று கேட்பவர் தோற்றார்.

காலையில் மைதானத்தில் ஓடுகிறாய் அல்லவா? கொஞ்சம் மெதுவாக ஓடு. நீ கிளப்பும் காற்றில் இங்கே என் கடைப் பெயர்ப்பலகை ஆடுகிறது.

இப்படிக்கு,
மெத்தை மாமன்னன், உன் தாய்மாமன்


ஜூலை 19
விடுதி, மூன்றாம் மாடி

மாமன்னர் மாமாவுக்கு,

உங்கள் அதிகாரியை இங்கே அனுப்பாதீர்கள், கைது செய்துவிடுவார்கள். கட்டடக்கலை வகுப்பில் தூக்கம் தடைசெய்யப்பட்ட சரக்கு. வாசலிலேயே சோதித்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கொட்டாவி விட்ட ஒரு பையனை இரண்டு நாளாகக் காணோம்.

என் கட்டிலில் இப்போது நான் இல்லை. ஒன்பது மாடி நூலகம் ஒன்று படுத்திருக்கிறது. அட்டையில் நான் வெட்டி ஒட்டுகிற மாதிரிக் கட்டடம்தான், ஆனால் மேஜையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அதற்குப் போர்த்திவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். நடுநடுவே அது என்னிடம் தண்ணீர் கேட்கிறது.

ஓடும் ஷூவுக்குள் ஒரு சிலந்திக் குடும்பம் குடிவந்துவிட்டது. கைக்குழந்தைக்காரர்கள், காலிசெய்யச் சொல்ல மனசு வரவில்லை. அதனால் மைதானத்துக்கு லீவு.

என் அறைத்தோழி எப்படித் தூங்குகிறாள் தெரியுமா! அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன். பசித்தவன் ஓட்டல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பானே, அந்த மாதிரி. அவள் ஒருநாள் விழித்துப் பார்த்துவிட்டு, "ஏய், எதுக்குடி இப்படிப் பாக்கற, பயமா இருக்கு"ன்னு திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடித்துவிட்டேனா இல்லையா?

உங்கள்,
குட்டிப்புளுகு


ஜூலை 28
கடையிலிருந்து

புளுகுப் பேரரசியே,

தண்ணீர் கேட்கும் நூலகமா! கடையில் உறை தைக்கிறவரிடம் படித்துக் காட்டினேன். மனுஷர் சிரித்த சிரிப்பில் தலையணைக்கு நாலு பக்கமும் தைத்துவிட்டார், பஞ்சு திணிக்க வழியில்லை. "உங்க வம்சமே இப்படியா?" என்றார். "நாங்கள் பொய் சொல்வதை நிறுத்தினால் மழை நின்றுவிடும் ஐயா" என்றேன்.

உனக்குத் தூக்கம் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டதும் அந்த அதிகாரி குடும்பத்தின் உபரித் தூக்கத்தை ஒரு கோணியில் கட்டி அனுப்பினேன். கொண்டுபோன லாரி பாதிவழியில் தூங்கிவிட்டதாம். பின்னால் வந்த லாரிகளும் தூங்கி, இப்போது நெடுஞ்சாலை முழுக்க ஒரே குறட்டை.

நான் தோற்கவில்லை. எழுது!

மெத்தை மாமன்னன்


ஆகஸ்ட் 11
விடுதி

மாமா,

நூலகத்தில் நிறுத்தக் காகித மனிதர்கள் வெட்டினேன். கட்டைவிரல் உயரம். அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "அந்தப் பொண்ணு இன்னும் முழிச்சிருக்கா பாரு" என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுக்கிறார்கள். நான் திரும்பினால் நிறுத்திக்கொள்கிறார்கள்.

சுவர் மூச்சு விடுகிறது. முதலில் அறைத்தோழியின் மூச்சு என்று நினைத்தேன். அவள் வெளியே போனபிறகும் விடுகிறது.

வகுப்பில் ஆசிரியர் என் கட்டடத்தைக் காட்டி, "இந்தப் படிக்கட்டு எங்க போகுது?" என்றார். முதலில் சத்தம் வந்தது, கொஞ்சம் கழித்துத்தான் அவர் வாய் அசைந்தது. பதில் எனக்குத் தெரியும், வார்த்தைதான் அகப்படவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் சிரித்தேன்.

காகிதப் பெண் ஒருத்தி மட்டும் யார் பேச்சிலும் சேரமாட்டாள். அவளைக் கீழே வாசலில் நிறுத்துகிறேன். காலையில் பார்த்தால் மொட்டைமாடியில் நிற்கிறாள். மறுநாள் இன்னும் ஓரத்தில். எடுத்துக் கீழே வைப்பேன், மறுபடி போய்விடுவாள். எனக்கும் எடுத்து வைத்து அலுத்துவிட்டது மாமா.

எப்படி இருக்கிறது இந்தப் பொய்?

குட்டிப்புளுகு


ஆகஸ்ட் 18
கடையிலிருந்து

என் குலக்கொழுந்தே,

சபாஷ்! படிக்கும்போது முதுகில் ஐஸ் கட்டி இறங்கியது. பேய்க் கதையும் உனக்கு வரும் என்று தெரியாமல் போயிற்றே! கடை வாசலில் நின்று சத்தம் போட்டுப் படித்தேன். ஒரு வாடிக்கையாளர் பயந்துபோய் இரண்டு மெத்தை வாங்கிவிட்டார், ஒன்று படுக்க, ஒன்று அடியில் ஒளிய.

ஆனால் மாமன் தோற்பானா? அந்தக் காகிதச் சீமாட்டியை எதற்கு எடுத்து எடுத்து வைக்கிறாய்? குதிக்கட்டும்! கீழே நம் கடை ஸ்பிரிங் மெத்தை ஒன்றைப் போட்டுவை. குதித்த வேகத்தில் எகிறி நிலாவைத் தொட்டு, அங்கே ஒரு வாய் காபி குடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். பத்து வருஷ கேரண்டி!

இதை வெல்ல முடியுமா? முடிந்தால் எழுது!

மெத்தை மாமன்னன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள மாமா,

நான் நன்றாக இருக்கிறேன். நன்றாகத் தூங்குகிறேன். காலையில் ஓடுகிறேன். படிப்பும் நன்றாகப் போகிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மருமகள்


ஆகஸ்ட் 29
பஸ்ஸில்

கண்ணு,

பஸ் குலுக்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் கடிதம் காலையில் வந்தது. படித்து, "சரி, நல்லா இருக்கா" என்று சட்டைப் பைக்குள் வைத்தேன். ஒருவருடைய கட்டிலுக்கு மெத்தை அளவு எழுதிக்கொண்டிருந்தேன். அளவு நாடா கையில் இருக்கும்போதே உறைத்தது. நீ பேசக் கற்ற நாளிலிருந்து இப்படி ஒரு சப்பென்ற வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. இதில் ஒரு பொய்கூட இல்லை. அப்படியென்றால் இது முழுக்கப் பொய். அப்படியென்றால் அதற்கு முன்னால் எழுதியதெல்லாம்

என்னால் அதை முடிக்க முடியவில்லை.

உன் போன் அணைந்து கிடக்கிறது. உன் அம்மாவிடம் எண் வாங்கி அறைத்தோழியைக் கூப்பிட்டேன். "நான் ஊருக்கு வந்து நாலு நாளாச்சு அங்கிள். அவ ஒழுங்கா தூங்கியே ரொம்ப நாளாச்சே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்? 'எங்க மாமாவுக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன்'னு சொன்னாளே" என்றாள்.

எழுதிவிட்டாய். எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். நான் கடை வாசலில் நின்று படித்துச் சிரித்தேன்.

விடுதி வார்டனிடம் சொன்னேன். "இருங்க, மேல போய்ப் பாக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு அவரும் எடுக்கவில்லை. உன் அம்மா வழியில் ஏறிக்கொண்டாள். என் பக்கத்தில்தான் இருக்கிறாள். "இன்னும் எவ்ளோ நேரம்டா?" என்கிறாள். சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி கேட்கிறாள். முன் ஸீட்டில் ஒருவன் வாயைத் திறந்து தூங்குகிறான், அவனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

குதிக்கட்டும் என்று எழுதினேன். இந்தக் கைதான் எழுதியது.

நிஜமா? கேட்டுவிட்டேன், தோற்றுவிட்டேன். சுவர் மூச்சுவிட்டது நிஜமா? அந்தப் பெண் மாடிக்குப் போனது நிஜமா? பதில் சொல்லு, எவ்வளவு சின்னப் பதிலாக இருந்தாலும் போதும். "ம்" என்றால்கூடப் போதும்.

கதவு சாத்தியிருந்தால் அடியில் தள்ளிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். நீ கதவைத் திறந்துவிட்டால் இந்தக் காகிதத்துக்கு வேலையே இல்லை. வேலையில்லாமல் போகட்டும்.

மாமா


செப்டம்பர் 21
கடையிலிருந்து

அன்பு மருமகளுக்கு,

நலம். இங்கே நேற்று மழை பெய்தது. கடை திறந்திருந்தேன். வியாபாரம் சுமார். வேளைக்கு மாத்திரை சாப்பிடு. அம்மா சொல்வதைக் கேள். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மாமா


அக்டோபர் 4
வீட்டிலிருந்து

மாமா,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். "மழை பெய்தது. கடை திறந்திருந்தேன்." இப்படி எழுதுகிற ஆள் என்ன கதியில் இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் தூங்குகிறீர்களா? நிஜமாகக் கேட்கிறேன்.

அன்று நடந்ததை உங்களிடம் நேராகச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். வார்டன் வந்தபோது நான் மூன்றாம் மாடிக்கு மேலே போகும் படியில் உட்கார்ந்திருந்தேன். பாதிப் படி ஏறியிருந்தேன். எதற்கு என்பதை டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. வார்டன் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, "முட்டி போச்சு எனக்கு. நீ பேச வேணாம், நானும் பேசல. சும்மா இருப்போம்" என்றார். பிறகு கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிவந்து, நீங்கள் வரும்வரை விடவேயில்லை. போனைக் கீழே தன் அறையிலேயே வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறார், அதனால்தான் உங்களைக் கூப்பிடவில்லை.

"குதிக்கட்டும்" என்ற உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. ஆனால் அதற்காக நான் படியேறவில்லை. அதற்கு முன்பே பல தடவை அந்தப் படிவரை போய்த் திரும்பியிருக்கிறேன். உங்களுக்கு எழுதும்போதெல்லாம் கொஞ்சம் பயம் குறைந்தது, பொய் மாதிரி எழுதினால் அது பொய்யாகவே ஆகிவிடும் என்று நினைத்தேன். உதவி கேட்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு பருவம் லீவு கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் துண்டு துண்டாக வருகிறது. நடுவில் விழித்தால் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன், இன்னும் பயம் போகவில்லை. டாக்டர் வெயில் இறங்கியதும் நடக்கச் சொன்னார். அம்மா கூட வருகிறாள், நான் வேகம் எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்கிறாள். குளியலறையில் ஐந்து நிமிஷம் ஆனால் கதவைத் தட்டி, "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்கிறாள். அப்பா என்னிடம் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரியே பேசுகிறார். இந்த வீட்டில் இப்போது ஒருவர்கூடப் பொய் சொல்வதில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது.

பெரிய பொய் ஒன்று அனுப்புங்கள். என்னால் திருப்பி அடிக்க முடியாத அளவுக்குப் பெரியது.

உங்கள் மருமகள்


அக்டோபர் 9
கடையிலிருந்து

மருமகளே,

தூங்கவில்லை. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். மெத்தைக் கடைக்காரன் இதை வெளியில் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும், மனசோடு வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனி உன் கடிதம் வந்தால் முதலில் சிரிக்கமாட்டேன். முதலில் போன் பண்ணி, உன் குரலைக் கேட்டுவிட்டு, பிறகு கடைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பேன். "மாமா ஆட்டத்தையே கெடுத்துட்டாரு"ன்னு நீ கோபித்துக்கொண்டாலும் சரி. எனக்கு இனி அந்தத் தைரியம் கிடையாது.

சரி, உட்கார். ஒருவரும் நம்பாத கதை.

அன்றைக்கு உன் அம்மா முகத்தைப் பார்த்த பஸ் டிரைவர் பிரேக்கைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிட்டார். பஸ் இரண்டு ரயில்களையும் ஒரு விமானத்தையும் முந்தியது. விமானத்தில் இருந்தவர்கள் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டுக் கையை நீட்டினார்கள். விடுதி வாசலில் பன்னிரண்டு மீசை வைத்த காவலாளி, "யார்யா அது?" என்றான். உன் அம்மா ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு மீசை உதிர்ந்தது. மீதி ஒன்றோடு அவன் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான்.

உள்ளே போனால் படிக்கட்டு. மூன்று மாடி என்று நீ எழுதியிருந்தாய், நான் கால் வைத்ததும் அது முந்நூறு மாடியாக வளர்ந்தது. ஒவ்வொரு படியும் என் மார்பு உயரம். ஒரே மூச்சில் ஏறினேன். அந்த மூச்சை இன்னும் வெளியே விடவில்லை. ஏழு தேசத்து மன்னர்கள் விலைக்குக் கேட்டும் நான் கொடுக்காத முத்துப் பதித்த பாதரட்சை நடுவழியில் கழன்று உருண்டது. மாமன்னன் திரும்பியும் பார்க்கவில்லை.

மேலே கதவு திறந்திருந்தது. நீ நாற்காலியில் இருந்தாய். உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் நான் போட்ட சத்தத்தில் அந்த ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டன.

அவ்வளவும் புளுகு. பிரேக் இருந்தது, காவலாளிக்கு மீசையே கிடையாது, உன்னைப் பார்த்தபோது எனக்குச் சத்தமே வரவில்லை. முத்தும் இல்லை, சாதா ரப்பர் செருப்பு. ஆனால் அது கழன்றது மட்டும் நிஜம். எனக்கே தெரியாது. டாக்டரைப் பார்த்துவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறும்போது உன் அம்மா குனிந்து பார்த்து, "என்னடா, ஒத்தைச் செருப்போடயா இவ்ளோ நேரமும் நின்னுட்டிருந்த?" என்றாள்.

மாமா