லிப்ட் திறப்பு

ஜூலை 12, வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று மின்சாரம் நின்று மேல்வீட்டுப் பரராஜசிங்கம் அண்ணை லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார். லிப்ட் கதவைத் திறக்கும் சாவி, அந்தத் திறப்பு, கீழ்வீட்டுக்காரனான என் பொறுப்பு. அதை இடுப்பில் கட்டிய சாரத்து மடியில் செருகிக்கொண்டு, வீடு முழுக்கத் தேடினேன்.

தமிழரைத் தேடிய போன மாதச் சுற்றிவளைப்பில் பொலிஸ் என்னை இதே சாரத்தோடு ஜீப்பில் ஏற்றியது. சாரம் அவிழாமல் பிடித்துக்கொண்டதுதான் என் வீரம். "அண்ணை, நான் ஆரெண்டு சொல்லுங்கோவன்!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். மனுசன் ஜன்னலைச் சாத்தினார். கட்டடத்துச் சொந்தக்கார மாத்தையா ஸ்டேசனுக்கு வந்து சிங்களத்தில் கதைத்திராவிட்டால் இன்னும் உள்ளேதான் இருந்திருப்பேன். பார்த்துக்கொண்டு நிற்பதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லையாம். அப்படியென்றால் எனக்கும் இல்லை.

"தம்பி, மூச்சு முட்டுது!"

"தேடுறன் அண்ணை, தேடுறன்!"

சொல்லிவிட்டு ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடித்தேன். இவ்வளவு ருசியான தேத்தண்ணி இந்த வருடம் குடித்ததில்லை.

தட்டுகிற சத்தம் நின்றதும் பயம் பிடித்து ஓடிப்போய்த் திறந்தேன். அண்ணை வேர்வையில் நனைந்து, தரையில் சரிந்திருந்தார். அவருடைய மனுசி என் கையைப் பிடித்து அழுதா.

"நீங்கள் கைவிட மாட்டீங்கள் எண்டு தெரியும் தம்பி. அண்டைக்கு இவரும் ஜன்னலைச் சாத்திப்போட்டு, வெறுங்காலோட பின்படியால ஓடித்தானே மாத்தையாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர்."