திரு. கெல்லரின் மிதவைப் படகு

1986 யூன் 16, திங்கள்

காலையில் தூறல், பிறகு வெயில். படகு விடயம் இந்த மாதம் முடிய வேண்டும். எழுதி வைக்காவிட்டால் குழம்பி விடுவேன்.

1. படகு: கீழ் வீட்டுத் திரு. கெல்லர், காலமாகும் முன் எனக்கென்று எழுதிவைத்தது. இரண்டு அலுமினிய மிதவைகள், மேலே பலகைத் தட்டு, சுற்றிவரக் கம்பி. 30ஆம் திகதிக்குள் துறையில் இருந்து எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போகும்.
2. யாருக்கு: ஏரிக்கரையில் உள்ள மாற்றுத்திறனாளர் இல்லம். தட்டு சமமானது, சக்கர நாற்காலி நேரே ஏறும்.
3. என் பெயர் எந்தக் கடதாசியிலும் வரக்கூடாது. அகதி விண்ணப்பம் முடியவில்லை. 26ஆம் திகதி விசாரணை.
4. நாள், நேரம்: இனித்தான்.

திரு. கெ. இந்தச் சுவிஸ் ஊரில் என் பெயரைக் கேட்டு, எழுதி, சரியாக உச்சரிக்கப் பழகிய முதல் மனிதர். இரண்டு கோடை அந்தப் படகில் அவருடன். என்னிடம் ஐம்பது ஜெர்மன் சொற்கள்தான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

17, செவ்வாய்

வெயில். மகன் சிவா வேலை முடிந்து வந்தான். ஹோட்டலில் கோப்பை கழுவிய கை ஊறிப் போயிருந்தது. படகைப் பற்றிச் சொன்னேன்.

"அகதிக்குப் படகு ஏதெண்டு கேட்டா என்ன சொல்லுவியள் அப்பா?"

"அதுதான் யோசிக்கிறன்."

"பிளேனிலை வந்ததெண்டு எழுதிக் குடுத்தனாங்கள். இப்ப படகும் நிக்குது. கதையை மாத்திப் போட்டினம் எண்டு நினைக்கப் போறாங்கள்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிவு: கொடுப்பவர் என்று திருமதி கெ. கையெழுத்துப் போடட்டும்.

18, புதன்

திருமதி கெ. வீட்டில் கோப்பி. கேட்டேன். அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்காகச் சொல் சொல்லாகப் பேசினார்.

"அவர் அதை உங்களுக்குத் தந்தார். என்னுடையது இல்லாத ஒன்றை நான் எப்படிக் கொடுப்பேன்?"

கோபம் இல்லை. போகும்போது கேக் துண்டு சுற்றித் தந்தார். ஆனால் வழி அடைபட்டது. நான் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது படகு இரும்புக்கு.

பாண், உப்பு, சிவாவின் காலுறை வாங்க மறந்தேன்.

20, வெள்ளி

காற்று. சிவா இல்லத்துக்குப் போன் எடுத்தான்.

"செவ்வாய் பின்னேரம் மூண்டு மணிக்கு வருவினமாம். ஆக்களையும் ஏத்திக்கொண்டு."

செவ்வாய், மூன்று முதல் நாலரை வரை ராகுகாலம். நாலரைக்கு மாற்றச் சொன்னேன்.

"என்ன காரணம் சொல்ல? ராகுவுக்கும் விசா குடுத்திட்டாங்கள் எண்டோ?"

மாற்றவில்லை. இத்தனை வயதில் இதை நம்புகிறேனா? தெரியாது. விசாரணைக்கு இரண்டு நாள் முந்திப் பயத்தோடு பயம் சேர்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

22, ஞாயிறு

படகில் பாசி தேய்த்தேன். முதுகு நோ. பொருட் பட்டியல் எழுதினேன்: துடுப்பு 2, மிதவை அங்கி 6, நங்கூரம் 1, கயிறு (நீளம் அளந்தது) 3, வாளி 1, பித்தளை மணி 1, திரு. கெ.யின் தொப்பி 1 (கேட்டு வைத்துக்கொள்ளலாமா?). இப்படியே மொத்தம் 38. நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்த பழக்கம். ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போகும், ராகுகாலமும் கழியும். இது தந்திரம்தான்.

24, செவ்வாய்

வெயில். இல்லத்து வான் மூன்றுக்கு ஒரு நிமிடம் இருக்க வந்தது. நிர்வாகி அம்மா, இரு உதவியாளர்கள், சக்கர நாற்காலிகளில் ஐவர்.

வாசித்தேன். சிவா மொழிபெயர்த்தான். நிர்வாகி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சரி போட்டார். சலிப்பார் என்று நினைத்தேன். கயிற்றின் நீளத்தைத் தானும் அளந்தார். "எங்கள் ஆட்களே இப்படி ஒழுங்காகக் கொடுப்பதில்லை" என்றாராம். வெட்கம்.

முன் நாற்காலியில் இருந்த ரூடி என்ற நரைத்த மனிதர் சத்தமாக ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"பூசை எப்ப முடியும், படகு எப்ப வெளிக்கிடும் எண்டு கேக்கிறார்."

அவர்கள் வெயிலில் இருப்பதை அப்போதுதான் கண்டேன். தொப்பியை ரூடிக்குப் போட்டுவிட்டேன். மீதியை விரைவாக வாசித்தேன். மணி நாலே கால். 'கொடுப்பவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"அப்பா, யோசிக்கிறதெண்டா யோசியுங்கோ" என்றான் சிவா. பகிடி இல்லாமல்.

முழுப் பெயர் எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் விழுந்தது. ராகுகாலம் முடியக் கால் மணி இருந்தது.

ஐந்து நாற்காலிகளையும் ஏற்றிக் கட்ட ஒரு மணி நேரம். என்னையும் ஏறச் சொன்னார்கள். ஐந்தரைக்குப் புறப்பட்டு ஏழரைக்குக் கரை. நடு ஏரியில் ரூடி மணியை அடித்தபடி பாடினார். கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று. திரு. கெ.யை மனதுக்குள் கும்பிட்டேன்.

25, புதன்

கணக்குப் பார்த்தேன். ராகுகாலம் சூரியன் உதிக்கும் நேரத்தில் இருந்து எண்ண வேண்டியது. நான் யாழ்ப்பாணத்து நேரத்தை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இங்கே இப்போது உதயம் ஐந்தரை, அஸ்தமனம் இரவு ஒன்பதரைக்குச் சற்று முன். எட்டாகப் பிரித்தால், ஏழாம் பங்கான செவ்வாய் ராகுகாலம் பின்னேரம் ஐந்தரை முதல் ஏழரை வரை. அதாவது படகில் இருந்த நேரம் முழுவதும். இவ்வளவு நிம்மதியான இரண்டு மணி நேரம் இந்த நாட்டில் எனக்கு வாய்த்ததில்லை. ஐந்து பேரைக் காக்க வைத்ததுதான் மிச்சம்.

சிவாவுக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் சிரிப்பான்.

26, வியாழன்

மழை. விசாரணை. அதிகாரி, தட்டச்சுப் பெண், மொழிபெயர்க்க ஒரு தமிழ்த் தம்பி. ஊர், வேலை, எரிந்த வீடு: எல்லாவற்றுக்கும் குரல் அடைத்தது. இரண்டு திகதிகளை மாற்றிச் சொல்லித் திருத்தினேன்.

சுவிஸில் சொத்து ஏதும் உண்டா என்று கேட்டார்.

"இப்ப இல்லை. செவ்வாய் வரை ஒரு படகு இருந்தது."

"ஐயா, படகெண்டோ சொன்னனியள்?" தம்பி முகம் மாறிவிட்டது.

"ஓம். அப்படியே சொல்லுங்கோ."

ஒப்படைத்த கடதாசியின் பிரதியை நீட்டினேன். அதிகாரி பட்டியல் முழுவதையும் வாசித்தார். எத்தனை சக்கர நாற்காலி கொள்ளும் என்று கேட்டார். ஐந்து என்றேன். தட்டச்சில் ஏறியது. முடிவு கடிதத்தில் வரும். எப்படி வருமோ தெரியாது.

16ஆம் திகதி, என் பெயர் எந்தக் கடதாசியிலும் வரக்கூடாது என்று மூன்றாவதாக எழுதியது பிழை. அந்த அறையில் குரல் அடைக்காமல் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான்.