குளிர்க்கோட்டில் என் பெயர்

என் கிண்ணியாக்காரிக்கு,

கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன், அந்துருண்டை மணம் போகவில்லை. இன்று காலை உன் மகள் வந்து அந்தக் குளிர்க்கோட்டை வாங்கிக்கொண்டு போனாள். ஜப்பானில் படிக்க அவளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது. உன்னைப்போல உப்பும் மண்ணும் அவளுக்கு வேண்டாமாம், கணினி படிக்கப் போகிறாளாம். நீ இருந்திருந்தால் கிண்ணியாவில் ஒரு வீடு மிச்சம் விடாமல் சொல்லியிருப்பாய். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட கதை ஒன்று இருப்பதால் உனக்கே எழுதுகிறேன்.

தம்பலகாமத்து விவசாயக் கந்தோரில் நாம் இரண்டு பேரும் போதனாசிரியைகளாக இருந்த காலம் அது. உன் வாப்பாவின் வயலில் கடல் ஏறி, மூன்று போகம் நெல் கருகிப்போயிருந்தது. உப்பு ஏறிய மண்ணை எப்படித் திருத்துவது என்று ஜப்பானில் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பப் படிவம் எடுத்து வந்தவள் நீ. எனக்கும் ஒன்று எடுத்து வந்தாய். தனியாகப் போட்டால் பயமாக இருக்கிறது என்றாய். கொழும்புக்கு ஒன்றாகவே நேர்முகத்துக்குப் போனோம். முடிவு வந்தபோது இருந்த ஒரே இடம் எனக்கு, பட்டியலில் அடுத்த பெயர் உன்னுடையது. ஒரு மாதத்துக்குள் நான் சம்மதக் கடிதம் அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த மாதத்தில்தான் என் அப்பா பாரிசவாதம் வந்து விழுந்தார். இனி எழும்ப மாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. நான் போக மாட்டேன் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த நாள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். ஏன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அப்பா தேறிவிடுவார் என்ற நம்பிக்கை என்றேன். அவசரத்தில் செய்தது என்றேன். ஒன்றும் இல்லை, பொறாமைதான். நான் அப்பாவுக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டு இருக்க, நீ விமானம் ஏறுவதை என்னால் தாங்க ஏலவில்லை. வைக்கோல்போர் நாயின் கதையை நாம் சிரித்துக்கொண்டு படித்திருக்கிறோம். அந்த நாய் நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை.

இதெல்லாம் நடந்த பிறகுதான் நீ அந்தக் கோட்டைக் கொண்டுவந்தாய். மொஸ்கோவில் படித்த ஒரு கணக்கு வாத்தியார் ஊருக்குக் கொண்டுவந்தது அது. பிறகு குளிர்நாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதை வாங்கிப் போவதும், போகும்போது உள்பக்கத்து வெள்ளைத் துணியில் தம் பெயரைப் பேனையால் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. ஐந்து பெயர் இருந்தன. நீ அதை மூதூரில் யாரோ வீட்டில் தேடிப் பிடித்து, கொதிக்கிற வெயிலில் தோளில் போட்டுக்கொண்டு, கிண்ணியாத் துறையில் அப்போது பாலம் இல்லாததால் மிதவையில் கடந்து, ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாய்.

“கரடி ஒண்டு பிடிச்சுக்கொண்டு வந்திருக்கன் புள்ள, போடு பாப்பம்” என்றாய்.

போட்டேன். வியர்த்துக் கொட்டியது. உன் சந்தோஷத்தில் நான் எழுத வேண்டிய பெயரையும் நீயே எழுதினாய், ஆறாவதாக, உன் உருண்டை எழுத்தில். அப்பாவை உன் உம்மாவும் நீயும் முறை வைத்துப் பார்ப்பதாகவும் சொன்னாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தவணை முடிய இன்னும் நாலு நாள் இருந்தது, அதற்குள் நான் விலகியிருந்தால் இடம் உனக்கு வந்திருக்கும்.

தவணை முடிந்து, பயணச்சீட்டு வந்த பிறகுதான் போகவில்லை என்றேன். அந்த வருடம் அந்த இடத்துக்கு யாருமே போகவில்லை. நீ எனக்காக அழுதாய். “அப்பாவப் பாத்த நன்மை உனக்குப் போதும் புள்ள. பேர் அதிலேயே கிடக்கட்டும், அடுத்த முறை நீ போவாய்.” அடுத்த முறை வந்தபோது உனக்கு வயதெல்லை தாண்டியிருந்தது. உன் வாப்பா வயலைக் கைவிட்டுத் தோணியில் மீன்பிடிக்கப் போனார். அதற்குப் பிறகு யாரும் கேட்காததால் கோட் என் அலுமாரியிலேயே தொங்கியது.

உன் கடைசி மாதங்களில் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடுவது என்றுதான் பாலம் கடந்து வந்தேன். வந்து, தக்காளி விலை கதைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு நாள் நீ, “என்ன புள்ள, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கிறாய்” என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று தலையணையைச் சரிசெய்தேன்.

இன்று உன் மகள் கோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது உம்மாட எழுத்தெல்லோ அன்ரி” என்றாள். பிறகு, நீங்கள் போகவில்லையே, ஏன் உங்கள் பெயர் என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்ட நாளையும் சொன்னேன்.

“உம்மாக்குச் சொன்னீங்களா?”

“இல்லை.”

அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, கோட்டை மடியில் விரித்தாள். என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டாள். அதற்கும் கீழே தன் பெயரை எழுதினாள். மடித்து எடுத்துக்கொண்டு, போய்ட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வெறும் இடம் யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணை மூடினால் கோட் தெரியவில்லை, அந்த இடம்தான் தெரிகிறது.