ரொட்டிப் பைக்குள் போன பைனாகுலர்

ஹேக்கெட்ஸ் துறை,
நியூஃபவுண்ட்லாந்து.
அக்டோபர் 26, ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகன் கார்லண்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம், முழங்காலும் மழை பெய்யாத நாளில் சுகம்தான், அப்படிப்பட்ட நாள் இந்த மாதத்தில் இரண்டே வந்தது. ஆல்பர்ட்டாவில் நீயும் வெர்னாவும் முழங்காலோடு சேர்த்து முழுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வெர்னாவை முதுகுக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று சொல், வலி போனதும் நிறுத்துவாள், அவளை எனக்குத் தெரியும். நீ பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வண்டியை எடுக்காதே, கம்பெனி பஸ்ஸில் போ. செல்பி சித்தப்பா படகை மேலே இழுத்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டார், நம் கூரையில் ஒழுகின இடத்துக்கும் தார் பூசினார், பாதி கூரையில் பாதி அவர் சட்டையில். மலையில் செம்பழம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, பதினாறு பாட்டில் ஜாம் போட்டேன், உனக்கு நாலு எடுத்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போன வாரம் ஏம்மா உன் குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை. சமையலறையில் உன் மகள் கெஸியா நின்றுகொண்டிருந்தாள், அவள் காதுபட எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம். நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும், மெதுவாகப் படி.

உன் மகளுக்கு வனவிலங்கு அதிகாரிப் பயிற்சியில் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும், ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் யாரிடமும் சொல்லாமல் விடவில்லை. தபால் ஆபீஸில் சொன்னேன், பாதிரியாரிடம் இரண்டு தடவை சொன்னேன், பல் பிடுங்கப் போனபோது வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே டாக்டரிடமும் சொன்னேன், அவர் வலிக்கிறது என்கிறேன் என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார். நம் குடும்பத்தில் உடுப்புப் போட்டு உத்தியோகம் பார்க்கப் போகிற முதல் ஆள், அதுவும் ஒரு பெண். ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது, வேட்டைச் சட்டத்தில் ஒரு குற்றம் பெயரில் ஏறினாலும் இடம் கிடையாது என்று. இந்த வருஷம் குலுக்கலில் மூஸ் மான் சுடுகிற லைசென்ஸ் விழுந்தது அவள் பெயரில், அதுவும் கொம்புள்ள ஆண், கொம்பன் மட்டும். பெட்டையைச் சுட்டால் துப்பாக்கியைப் பறித்துக்கொள்வார்கள், லைசென்ஸ் போகும், அவளுக்கு உத்தியோகமும் போகும். இது நான், கெஸியா, செல்பி மூன்று பேருக்கும் தெரிந்துதான் காட்டுக்குப் போனோம்.

உன் அப்பா லியாண்டரின் பைனாகுலர் என் கையில். லியாண்டர் சுட்ட காலத்தில் பார்த்துச் சொன்னது முழுக்க நான்தான், ஒரு தடவைகூட நான் கொம்பன் என்றது பெட்டையாக இருந்ததில்லை. கண்புரை எடுத்த பிறகு முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. செல்பிக்கு நூறு அடிக்கு அப்பால் கோயிலும் திமிங்கிலமும் ஒன்றுதான், அவரை நம்பிப் பயனில்லை. நீ ஆகஸ்டில் அனுப்பின நெஞ்சுப் பட்டை வந்தது, மேலே மூடி வைத்த சின்னப் பை, முதுகில் குறுக்காக ரப்பர் வார். கூடவே துண்டுச்சீட்டில் எழுதியிருந்தாய், அப்பாவோட பைனாகுலர் பழசு, ரப்பர் வளையமெல்லாம் தேய்ஞ்சிருக்கும், பிளாஸ்டிக்ல கட்டி வைக்காதே, அடுப்புக்கிட்ட வைக்காதே, இந்தப் பையில போட்டு நெஞ்சோட மாட்டிக்கோ என்று. நான் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தேன். இது குதிரைக்குப் பூட்டறதா, பிள்ளையைக் கட்டறதா என்று கேட்டு ஆணியில் மாட்டிவிட்டேன். செல்பி, அண்ணி நீங்க போட்டா ரெண்டு மாதிரியும் இருக்கும் என்றார், அதன் பிறகு அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை. கடை ரொட்டி வருகிற பிளாஸ்டிக் பை, நம் ரொட்டிப் பை இருக்கும்போது எனக்கு என்ன குறை. பூட்ஸுக்குள் காலுக்கு ரொட்டிப் பை மாட்டாமல் வளர்ந்த பிள்ளை இந்தத் துறையில் உண்டா, தீப்பெட்டி, புகையிலை, பைபிள் எல்லாம் நாங்கள் அதில்தான் நனையாமல் காப்பாற்றினோம்.

பதினொன்றாம் தேதி சனிக்கிழமைக்கு முந்தின நாளே காட்டுக் கேபினுக்குப் போய்விட்டோம். வழியெல்லாம் தூறல். பைனாகுலர் என் கழுத்துக் கயிற்றில் தொங்கி, நாலு சக்கரக் குவாட் வண்டி குதிக்கிற போதெல்லாம் மார்பில் இடித்தது, வண்டியை விட்டுக் குட்டைமரப் புதரில் குனிந்து நடந்தபோது முன்னே ஊசலாடிப் பாறையில் இரண்டு தரம் மோதியது. கேபினுக்குப் போனதும் ஈரத்தைச் சட்டைக் கையால் ஒற்றிவிட்டு, ரொட்டிப் பைக்குள் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி, அடுப்புக்கு மேலே காலுறை காய்கிற கம்பியில் தொங்கவிட்டேன். கதகதப்பாகக் காயட்டும் என்று நல்லெண்ணம்தான். கெஸியா பார்த்துவிட்டு, பாட்டி, அப்பா வேண்டாம்னு எழுதியிருந்தாரே என்றாள். உங்கப்பன் பிறக்கிறதுக்கு முந்தியிருந்தே எனக்கு மூஸ் தெரியும் போடி என்றேன். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டி வேகவைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

காலையில் எழுந்து பொரித்த ரொட்டிமாவும் வெல்லப்பாகும் தின்றுவிட்டு, பையை அவிழ்க்காமலே அங்கிக்குள் போட்டுக்கொண்டு நீளக்குளத்துச் சதுப்போரம் போய் உட்கார்ந்தோம். வெளியே குளிர் கடித்தது. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு சதுப்புக்கு அந்தக் கரையில் மரங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு அசைந்தது, பெரிய உடம்பு, தலை முழுவதும் புதருக்குள். பையைப் பிரித்தேன், பிளாஸ்டிக் சரசரத்தது, நல்லவேளை காற்று எங்கள் பக்கம் வீசியது. கண்ணில் வைத்தால், கார்லண்ட், பால் ஊற்றின மாதிரி வெள்ளை. வெளியே துடைத்தேன், போகவில்லை, மூடுபனி கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது. கெஸியா துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். துப்பாக்கியில் இருக்கிற கண்ணாடி வழியாக அவள் பார்க்க மாட்டாள், என்னன்னு தெரியாததுமேல துப்பாக்கியை நீட்டக்கூடாது என்பது அவளுக்கு வகுப்பில் சொன்ன முதல் பாடம். செல்பி என் தோளை இடித்து, சுடச் சொல்லுங்க அண்ணி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்குது, இன்னும் என்ன பத்திரிகை வைக்கணும் என்றார். கெஸியா, பாட்டி, கொம்பு தெரியு என்று கிசுகிசுத்தாள், தா என்று முடிக்கவில்லை, நான் தெரியுது, கொம்பன்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இந்த இரண்டு வாரமும் யோசித்துவிட்டேன். செல்பி முன்னால் ரொட்டிப் பை தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் இல்லை. பெரிய உடம்பாகத் தெரிந்தது, கொம்பனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைப்பை வைத்து உன் மகளின் உத்தியோகத்தை ஒரு தோட்டா முனையில் வைத்தேன். ஐம்பது வருஷம் சரியாகச் சொன்ன வாய் இது.

அவள் துப்பாக்கியைத் தூக்கவில்லை. என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், விசைப்பூட்டைப் போட்டாள், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டாள். செல்பிக்குக் கோபம் வந்து, புள்ளைக்கு இறைச்சி கடையில இருந்து வரும்னு நினைப்பு, பாட்டியே சொன்ன பிறகு யார் வந்து சொல்லணும், பிரதம மந்திரியா என்று முணுமுணுத்தார். அப்போது அந்த மிருகம் இரண்டு அடி முன்னே வந்து புதரிலிருந்து தலையை எடுத்தது. கொம்பு இல்லை, மொட்டைத் தலை. அதன் பின்னாலேயே இந்த வசந்தத்தில் பிறந்த கன்று ஒன்று, நீளக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், தாயின் வயிற்றில் முட்டிக்கொண்டு வந்தது. செல்பி தொப்பியைக் கழற்றிவிட்டார், கோயிலில் கழற்றுகிற மாதிரி. அவை இரண்டும் மரங்களுக்குள் போய் மறைந்தன. நான் பைனாகுலரை மடியில் இறக்கி வைத்தேன்.

கேபினுக்குத் திரும்பினதும் தகர டப்பாப் பால் ஊற்றித் தேநீர் போட்டுக் கொடுத்தாள். செல்பி விறகெடுக்க வெளியே போனதும் நான்தான் கேட்டேன், நான் சொல்லியும் நீ ஏன்டி சுடலை என்று. அவள் சொன்னது அப்படியே எழுதுகிறேன். பாட்டி, உனக்கு நிஜமாத் தெரியும்போது நீ பேச மாட்டே, மூச்சைக்கூட விட மாட்டே, நாங்க ரெண்டு தடவை மூணு தடவை கேட்கணும். இன்னிக்கு நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிட்டே என்றாள். நான் ரொட்டிப் பையைக் காட்டினேன், உள்ளே பனி பிடிச்சிருந்துச்சு, ஒரு இழவும் தெரியலை என்றேன். தெரியும் பாட்டி, தெளிவுக்குத் திருப்பற குமிழை நீ தொடவே இல்லையே என்றாள். பிறகு, நான் அதிகாரி ஆனதும் முதல்ல உன்னைத்தான் பிடிச்சு உள்ள வைப்பேன், பொய்ச் சாட்சி சொன்னதுக்கு என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தேன். விறகோடு உள்ளே வந்த செல்பியிடமும் நானே சொல்லிவிட்டேன், ரொட்டிப் பையில் வேகவைத்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. மனுஷர் கேலி செய்வார் என்று பயந்தேன், விறகை இறக்கி வைத்துவிட்டு, எனக்கும் ஒண்ணும் தெரியலை அண்ணி, நானும்தானே சுடச் சொன்னேன் என்றார். கேலியை மறுநாள்தான் ஆரம்பித்தார், இன்னும் நிறுத்தவில்லை, ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் அண்ணி பைனாகுலருக்குப் புது வீடு வேணுமா என்கிறார்.

வீட்டுக்கு வந்து பைனாகுலரை மூடிகள் கழற்றி, தகர டப்பாவில் அரிசிக்கு நடுவே துணி விரித்துப் படுக்க வைத்தேன், கூடவே கெஸியாவின் புது பூட்ஸ் பெட்டியில் இருந்த, ஈரம் உறிஞ்சுகிற சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் இரண்டு. அடுப்புப் பக்கமே கொண்டுபோகவில்லை. பத்து நாளில் தெளிந்துவிட்டது, இடது பக்கக் கண்ணாடியில் ஓரமாக நகத்தளவு மங்கல் மட்டும் நிற்கிறது, அது என் நினைவுக்கு இருக்கட்டும். நேற்று சனிக்கிழமை மறுபடி போனோம். கிளம்பும்போது கெஸியா ஆணியிலிருந்து உன் பட்டையை எடுத்து, கையைத் தூக்கு பாட்டி என்று எனக்கே மாட்டிவிட்டாள். பைனாகுலரை இனி அவளே வைத்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன், அதுதான் நியாயமும்கூட. அதைச் சொன்னதற்கு, பார்க்கிறது உன் வேலை, சுடறது என் வேலை, வேலையை மாத்தாதே என்றாள். பட்டை நல்ல பட்டை, கார்லண்ட். குனிந்தாலும் ஊர்ந்தாலும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, இடிக்கவில்லை, ஆடவில்லை, தூறலில் மூடி மூடியிருந்தது, திறக்கும்போது சத்தமில்லை. துடைக்கிற துணியை உள்பாக்கெட்டில் உலர்வாக வைத்துக்கொண்டேன், கேபினில் பைனாகுலரை உள்ளே கொண்டுவராமல் விறகு அடுக்குகிற முன்கூடத்துக் குளிரிலேயே பட்டையோடு தொங்கவிட்டேன். நீ எழுதின சீட்டு சரி. இதை நான் இன்னொரு தடவை எழுத மாட்டேன், இந்த வரியை வெர்னாவுக்கும் காட்டிவிடு.

மதியம் உறைபனி உருகுகிற நேரம் அதே நீளக்குளத்துக் கரையில் ஒன்று வந்து நின்றது. மூடியைத் திறந்து கண்ணில் வைத்து, குமிழைத் திருப்பினேன். முதலில் மூக்கு, பிறகு தாடைக்குக் கீழே தொங்குகிற தாடி, பிறகு கொம்பு, விரித்த இரண்டு கை மாதிரி, ஓரத்தில் பாசி தொங்கியது. கெஸியா என்ன பாட்டி என்றாள். கொஞ்சம் பொறுத்து, பாட்டி என்றாள். எனக்குக் காதில் விழுகிறது, எண்ணிக்கொண்டிருக்கிறேன், வாய் வரவில்லை. செல்பியும் மூச்சுக் காட்டவில்லை, பாடம் அவருக்கும்தான். பிறகு அவள் மெல்லச் சொன்னாள், போதும், தெரிஞ்சுது, மூச்சு விடு பாட்டி என்று. நான் மூச்சை விட்டுக் கொம்பன் என்றேன். அதன் பிறகுதான் துப்பாக்கியைத் தூக்கினாள், தன் கண்ணாலும் பார்த்துக்கொண்டாள், ஒரே வெடி.

ஒரு தொடைக்கறி கண் தெரியாத மிஸஸ் பஃபெட்டுக்குப் போய்விட்டது, நாக்கைப் பாதிரியாருக்குக் கொடுத்தேன், மீதியை நாளைக்குப் பாட்டிலில் அடைப்போம், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது உங்களுக்கு இருக்கும். கெஸியாவிடம் நீ இதைப் பற்றிக் கேட்காதே, அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள், என் மானம் அவள் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். ஞாபகமாகச் செய்ய வேண்டியது ஒன்று, உங்கள் வேலை முகாமில் ஆட்கள் புது பூட்ஸ் வாங்கினால் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளைப் பொட்டலங்களைத் தூக்கி எறிய விடாதே, சேர்த்து அனுப்பு. ஆண்டவர் உன் கையையும் காலையும், வெர்னாவின் முதுகையும், நீங்கள் போகிற உறைந்த ரோட்டையும் காக்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா டார்கஸ்

கொம்பில் எத்தனை கிளை என்று கேட்பாய். பதினொன்று. கீழே விழுந்த பிறகு எண்ணியது இல்லை, நின்றபோதே எண்ணியது. கெஸியா பக்கத்தில் போய் எண்ணிப் பார்த்தாள், அவளுக்கும் பதினொன்றுதான் வந்தது.