வாசலோர நாற்காலி

குரங்கணி
12.12.1981

பிரியமுள்ள அப்பாவுக்கு, கிரேஸ் தோத்திரம் சொல்லி எழுதுறேன். இருமல் குறைஞ்சுச்சா? நான் நல்லாயிருக்கேன்.

இங்க முதியோர் இல்லத்துல கிறிஸ்மஸ் விளையாட்டெல்லாம் என் பொறுப்பு. நேத்து மத்தியானம் மியூசிக்கல் சேர் பழக்கினேன். எட்டுப் பேருக்கு ஏழு நாற்காலி. பாட்டை நிறுத்தினதும் ஒருத்தரும் உட்காரலை.

"எடமில்லையே தாயி, வந்தவுக உக்காந்துட்டாகளே"ன்னாங்க பொன்னுமணியம்மா. ஏழும் காலியாத்தான் கிடந்துச்சு. நான் சிரிச்சுட்டேன்.

அப்புறம் வாசலோர நாற்காலியைக் காட்டி, "அது உன் ஆத்தாளா? உன் சாடையாவே இருக்கு"ன்னு கேட்டாங்க.

வயசானவங்க பேச்சு, பயப்படாதீங்க. அம்மா இறந்தது இங்க யாருக்கும் தெரியாது.

நான் கேட்டிருந்த ஸ்வெட்டரோட சேர்த்து அம்மா போட்டோவையும் வெரசா அனுப்புங்க. பொன்னுமணியம்மாகிட்ட காட்டணும். தபால் கொண்டுபோற ஜீப்பு கிளம்புது.

எல்லா நாற்காலியையும் அடுக்கிட்டேன்ப்பா. அது ஒண்ணை மட்டும் எடுக்கலை.

உங்க மகள்
கிரேஸ்