ஒரே கைபேசியில் பத்தொன்பது பெண்கள்

இன்று காலை வகுப்பு வட்சப் குழுவில் ஓர் இணைப்பு வந்தது. படிவத்தை நிரப்பினால் இலவச டேட்டாவாம். எல்லாரும் போட்டிபோட்டு நிரப்பினார்கள். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நம்முடைய படிவமும் இப்படித்தான் முகநூலில் போனது. பெரியகல்லாற்றில் வாவிக்குள் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை என்று நீதான் பள்ளி ஆய்வுப் போட்டிக்கு அதை எடுத்தாய். "டேட்டா குடுக்கிறம் எண்டு போட்டாத்தான் கா நிரப்புவாங்கள்" என்றாய். நானும் தலையாட்டினேன். நாம் விட்ட பிழை அதுதான்.

பதில்கள் குவிந்தன. நீ துள்ளினாய். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரே மாலையில், இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக, புதிய புதிய மின்னஞ்சல்களிலிருந்து பல வந்திருந்தன. முகத்துவாரம் எப்போது வெட்டுவார்கள் என்ற கேள்விக்கு, சித்திரை வெயிலில் என்று பதில். மாரி வெள்ளம் ஏறினால்தான் வாவியைக் கடலுக்கு வெட்டி விடுவார்கள் என்பது கரையில் விளையாடும் குழந்தைக்கும் தெரியும். "இவ எந்த வாவியில கா இறால் புடிக்கிறா?" என்று நீ சிரித்தாய்.

நடுவர்கள் வேறு விதமாகச் சோதித்தார்கள். ஒரே கைபேசியிலிருந்து, ஒரே மின்னஞ்சலில் வந்த பத்தொன்பது பதில்களும் பொய் என்றார்கள். மின்னஞ்சல் மாறி மாறி வந்தவை தப்பிவிட்டன. உன் வீடு இருக்கும் ஒழுங்கை முழுவதற்கும் உன் அம்மாவின் கைபேசி ஒன்றுதான் என்பதும், தொழில் முடிந்து ஈரச் சேலையோடு வரிசையில் நின்று அந்தப் பெண்கள் பதில் சொன்னதும் நடுவர்களுக்கு எப்படித் தெரியும்? விசாரித்தபோது நம் வகுப்புத் தலைவி, "அவதான் தாய்ட போன்ல இருந்து எல்லாம் நிரப்பினவ" என்று சாட்சி சொன்னாள். உன்னைக் கள்ளி என்று எழுதி அனுப்பாத குறை.

அந்த மாரியில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. கடைசியாகப் பார்த்தபோதும், "நான் எழுதல்ல கா, நீ சொல்லு" என்றாய்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும், புதிய மின்னஞ்சல்களில் வந்த அந்தப் பொய்ப் பதில்களில் இருந்த தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். ஒன்றைத் தவிர எதுவும் வேலை செய்யவில்லை. டேட்டா கிடைக்க ஓர் எண்ணாவது உண்மையாக இருக்க வேண்டுமே. அந்த எண்ணை அழுத்தியதும் என் திரையில் வகுப்புத் தலைவியின் பெயர் வந்தது. தன் கள்ளம் வெளியே வராமலிருக்கத்தான் உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

"டேட்டாவுக்குத்தான் செய்தன், மன்னிச்சிரு கா" என்று அழுதாள். என்னிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லி, உன் ஒழுங்கைக்குக் கூட்டிப்போனேன். பத்தொன்பது வாசலிலும் அவள் வாயாலேயே சொல்லவைத்தேன். நல்ல வெயில். அவள் அழுதுகொண்டே நடந்தாள். எனக்கு அது இனித்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு வீடு கிடக்கு."

உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "விடு புள்ள, அவளும் புள்ளதானே" என்று என்னிடம்தான் சொன்னார். நான் விடவில்லை. அதிபரிடமும் நடுவர்களிடமும் எல்லாவற்றையும் கொடுத்தேன். பத்தொன்பது பதில்களையும் ஏற்று, உன் பெயரிலிருந்த பழியை நீக்கினார்கள். அவள் தலைவிச் சின்னத்தைக் கழற்றிக் கொடுத்ததை முன்வரிசையில் நின்று பார்த்தேன்.

இப்போது அவள் எனக்கு முன் வாங்கில் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கிறாள். மன்னித்துவிடு என்று ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அது என் கையில் இல்லை. நீ வந்து சொல்லு, அன்றைக்கே அவளோடு பேசுகிறேன்.